போடிமெட்டில் கொதித்த கார், பூப்பாறையில் அணைந்த கம்ப்யூட்டர்

"மாப்ளே, கம்ப்யூட்டர் பத்து நிமிஷம் ஓடுது, அப்புறம் தானா அணைஞ்சிடுது. வைரஸா இருக்குமோ?"

பூப்பாறையிலிருந்து அக்கா வீட்டுக்காரர் போன் செய்தபோது காலை மணி ஏழு. அன்று வெள்ளிக்கிழமை. மறுநாள் தோட்டத்தில் நாற்பது பேருக்குச் சம்பளம் போட வேண்டும். யார் எத்தனை நாள் வந்தார்கள், யார் எவ்வளவு முன்பணம் வாங்கினார்கள் என்ற கணக்கு எல்லாம் எக்செல் பைலில். நோட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு கம்ப்யூட்டருக்கு மாறுங்கள் என்று எட்டு மாதத்துக்கு முன் அவரைப் படாதபாடு படுத்தியவன் நான்தான். போடியில் ஏலக்காய் ஏலமே கம்ப்யூட்டர் திரையில் நடக்கிறது, நீங்கள் மட்டும் ஏன் பேனா பிடிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பேக்கப் எடுத்திருக்கீங்களா மச்சான்?"

"அப்படின்னா?"

உடனே காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பள்ளி விடுமுறை என்பதால் பன்னிரண்டு வயது மகனும் தொற்றிக்கொண்டான்.

கம்ப்யூட்டர் பத்திரிகையில் கார் கதை எதற்கு என்று நினைக்கிறீர்களா? அன்று காரும் கம்ப்யூட்டரும் படுத்தது ஒரே காரணத்தால். ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றது தானாகவே புரிந்துவிடும். அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

விளக்கு எரிந்தது, அணைந்தது

போடியிலிருந்து மூணாறு போகும் சாலையில் முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் மலை ஏற்றம் ஆரம்பிக்கும். போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 4,500 அடி உயரத்துக்குப் போகிறோம். புரட்டாசி வெயில் என்பதால் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு, இரண்டாவது கியரில் ஏறிக்கொண்டிருந்தேன். பாதி வளைவு தாண்டியிருப்பேன், சர்க்கரைப் பாகு காய்ச்சுவது போல இனிப்பாக ஒரு வாடை. மகன்தான் முதலில் சொன்னான். யாரோ ஏலக்காய் காய வைக்கிறார்கள் என்று அவனுக்குப் பதில் சொன்னேன். அந்த வாடை கூலன்ட் என்னும் குளிர்விப்புத் திரவத்துடையது. அது வெளியே கசிந்து சூடான இன்ஜின் மேல் பட்டால் அப்படித்தான் மணக்கும். நீங்களாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது 2014 மாடல் சின்னக் கார், பழையதாக வாங்கியது. வெப்பத்தைக் காட்டும் முள் அதில் கிடையாது. பல சின்னக் கார்களில் இப்படித்தான், மிதமிஞ்சிச் சூடானால் ஒரு சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான். அந்த விளக்கு எரிந்தது. ஓரம் கட்டலாம் என்று இடம் தேடும்போதே அணைந்தும் போனது. அப்பாடா என்று தொடர்ந்து ஓட்டினேன். அன்று நான் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான். வெப்பத்தை அளக்கும் சென்சார் கூலன்டில் மூழ்கி இருந்தால்தான் சரியாகச் சொல்லும். கூலன்ட் வற்றிப்போனால் அது வெறும் காற்றிலும் ஆவியிலும் நிற்கும், அப்போது குறைத்துக் காட்டலாம். விளக்கு அணைந்ததற்குக் காரணம் இன்ஜின் ஆறியது அல்ல, அளப்பதற்குத் தண்ணீரே இல்லாமல் போனதுதான்.

அடுத்த வளைவில் பானெட்டிலிருந்து குபுகுபுவென்று வெள்ளை ஆவி.

குக்கர் வெயிட்

இன்ஜினை அணைத்தேன். பானெட்டைத் திறந்து, துண்டை மடித்துக் கையில் சுற்றி, ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனேன். மகன் பக்கத்திலேயே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தம்பி! மூடியில கைய வைக்காதீங்க!"

தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போகும் ஜீப். போடி, தேவாரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து காலையில் இப்படி எத்தனையோ ஜீப்புகள் மலை ஏறும். அதன் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்து முதலில் பையனைப் பின்னால் இழுத்தார். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார்: "குக்கர் விசில் அடிக்கிறப்ப மூடியத் திறப்பீங்களா?"

அவர் பொட்டிபுரத்துக்காரர். நியூட்ரினோ ஆய்வகத்துக்காகத் தேர்ந்தெடுத்து, 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்து, மக்கள் எதிர்ப்பாலும் வழக்குகளாலும் நின்று போனதே, அதே பொட்டிபுரம். முப்பது வருடமாக இந்தச் சாலையில் ஜீப் ஓட்டுகிறாராம். இயற்பியல் புத்தகம் அவர் படித்ததில்லை என்றாலும், அவர் கேட்ட அந்த ஒரு கேள்வியில் பாடம் முழுவதும் இருக்கிறது.

தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்று படித்திருப்பீர்கள். அது கடல் மட்டத்தில். ஏறத்தாழ ஆயிரம் அடி ஏறினால் ஒரு டிகிரி குறையும். போடிமெட்டில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். இன்ஜினோ சாதாரணமாகவே 90 டிகிரிக்குப் பக்கத்தில் ஓடுவது. அப்படியானால் மலை ஏறும் எல்லா வண்டியும் கொதிக்க வேண்டாமா? கொதிக்காமல் காப்பாற்றுவது அந்தச் சின்ன மூடிதான். அதற்குள் ஸ்பிரிங் வைத்த வால்வு இருக்கிறது. குக்கர் வெயிட் போல உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். பெரும்பாலான கார்களில் இது வெளிக்காற்றைவிட ஏறக்குறைய ஒரு மடங்கு அதிக அழுத்தம். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 115 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் தாங்கும்.

இப்போது மூடியைத் திறந்தால் என்ன ஆகும்? அழுத்தம் ஒரே நொடியில் போய்விடும். 110 டிகிரியில் இருக்கும் தண்ணீர் அத்தனையும் ஒரே சமயத்தில் கொதித்துப் பீறிட்டுக்கொண்டு முகத்தில் அடிக்கும். துண்டு எல்லாம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. மூடியிலேயே எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கிறது. நான் படித்ததில்லை, அவ்வளவுதான்.

குறைந்தது அரை மணி, முடிந்தால் முக்கால் மணி நேரம் ஆற விட வேண்டும். மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்து, கை தாங்கும் அளவு ஆறி, அமுக்கினால் கெட்டியாக இல்லாமல் குழைந்தால்தான் மூடிக்குப் போகலாம். சூட்டோடு சூடாகப் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இன்ஜின் ஹெட் விரிசல் விடலாம் அல்லது வளைந்துவிடலாம். அப்புறம் ரேடியேட்டர் செலவோடு முடியாது.

இவ்வளவு தூரம் போகாமல் முன்பே சமாளிக்க வழி இருந்தது என்றும் டிரைவர் சொன்னார். சூடு ஏறுகிறது என்று சந்தேகம் வந்ததுமே ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழு வேகத்தில் வைக்க வேண்டும். காரின் ஹீட்டர் என்பது டேஷ்போர்டுக்குள் இருக்கும் இன்னொரு குட்டி ரேடியேட்டர். இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை உங்கள் மேல் ஊதித் தள்ளும். நாம் வெந்தாலும் இன்ஜின் பிழைக்கும்.

காரை வளைவின் ஓரத்தில் தள்ளி நிறுத்திவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டோம். பெண்கள் நெருங்கி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். சம்பளக் கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கப் போகிறேன் என்று தெரிந்ததும் ஒரு அம்மா, "சனிக்கிழமைக்குள்ள ஆயிடுமா தம்பி?" என்றார். அவர் வேறு தோட்டம்தான். ஆனாலும் கேட்டார்.

கேபினட்டுக்குள் கம்பளி

பூப்பாறையில் கம்ப்யூட்டர் இருந்த இடத்தைப் பார்த்ததுமே பாதி புரிந்துவிட்டது. ஏலக்காய் ஸ்டோரை ஒட்டிய அறை. சுவருக்கு அந்தப் பக்கம் காயைச் சூட்டில் உலர்த்துகிறார்கள். உலர்ந்த காயைத் தேய்த்துக் காம்பு நீக்குவது இந்தப் பக்கத்து வராந்தாவில். தூசி படக்கூடாது என்று மச்சான் கேபினட்டை மேஜையின் கீழ் அறைக்குள் தள்ளிக் கதவையும் சாத்தி வைத்திருந்தார். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் செய்யும் தவறு இது. பூட்டிய பெட்டிக்குள் கம்ப்யூட்டர் தான் வெளியே விட்ட சூட்டையே திரும்ப இழுத்துக்கொள்ளும்.

முதல் வேலை பழுது பார்ப்பது அல்ல, பைலைக் காப்பாற்றுவது. கேபினட்டை வெளியே இழுத்து, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, மேஜை மின்விசிறியை நேராக அதன்மேல் திருப்பி வைத்தேன். கம்ப்யூட்டர் ஆறியிருந்ததால் எந்தச் சண்டித்தனமும் செய்யாமல் பூட் ஆனது. எக்செல் பைலைப் பென் டிரைவில் இரண்டு முறை காப்பி செய்தேன். மச்சான் அப்போதுதான் மூச்சு விட்டார்.

அடுத்தது, சூடுதான் காரணமா என்று உறுதி செய்வது. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, திரை வரும்போதே டெலீட் கீயை அல்லது எப்2 கீயை அழுத்தினால் பயாஸ் திரை வரும். ஹார்டுவேர் மானிட்டர் என்ற பெயரில் புராசஸர் வெப்பநிலை தெரியும். விண்டோஸ் 11-ன் டாஸ்க் மேனேஜரில் கிராபிக்ஸ் கார்டின் வெப்பம் தெரியலாம், புராசஸர் வெப்பம் தெரியாது. அதற்கு ஹெச்.டபிள்யூ.மானிட்டர், கோர் டெம்ப் போன்ற புரோகிராம்கள் இருக்கின்றன. மின்விசிறியைத் திருப்பியதும் அந்த எண் கண்ணெதிரே 90-ஐத் தாண்டியது. பல புராசஸர்கள் 100 டிகிரியை ஒட்டினால் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதுவும் போதாவிட்டால் அணைந்துவிடும். வைரஸ் எதுவும் இல்லை. புராசஸர் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்கிறது. என் காருக்கு அந்த அறிவு இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புராசஸர் மேல் இருக்கும் ஹீட் சிங்க்கைப் பார்த்தேன். அலுமினியத் தகடுகளுக்கு இடையே காம்புத் தூசியும் நாரும் சேர்ந்து கம்பளி போலப் படிந்திருந்தது. மேலே பேன் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் காற்று கீழே இறங்க வழியில்லை.

சுத்தம் செய்யும் முறை சுலபம். மின்சார வயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒரு முறை அழுத்துங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் போய்விடும். கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். புதிய பெயின்ட் பிரஷ் ஒன்று போதும், தூசியைத் தட்டி எடுத்துவிடலாம். காற்று ஊதும்போது பேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தறிகெட்டுச் சுற்ற விட்டால் பேரிங் போய்விடும். வீட்டு வேக்குவம் கிளீனரை உள்ளே விட வேண்டாம், அதில் உண்டாகும் நிலைமின்சாரம் போர்டைக் கெடுக்கலாம். ஹீட் சிங்க்கை மட்டும் அன்று நான் கழற்றவில்லை. கழற்றினால் அதற்கும் புராசஸருக்கும் நடுவே உள்ள தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்தாக வேண்டும். பேஸ்ட் கையில் இல்லாமல் ஆர்வத்தில் கழற்றிவிடாதீர்கள்.

இரவு எட்டு மணி வரை அணையாமல் ஓடியது. சம்பளப் பட்டியலைப் பிரின்ட் எடுத்தோம்.

இரண்டும் ஒன்றே

ஞாயிற்றுக்கிழமை போடியிலிருந்து மெக்கானிக் வந்து, மலையிலேயே வெடித்திருந்த ஹோஸை மாற்றித் தண்ணீர் நிரப்பி, காரை மெதுவாகக் கீழே இறக்கினார். ஷெட்டில் ரேடியேட்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிக் காட்டினார். "பாருங்க சார், வெளிச்சமே வரல." தகடுகளுக்கு இடையே பூச்சி, புழுதி, பஞ்சு. வெள்ளிக்கிழமை பார்த்த அதே கம்பளி.

கம்ப்யூட்டர் படிப்பவர்களுக்குச் சொல்வதானால், காரின் தெர்மோஸ்டாட்டும் வாட்டர் பம்ப்பும் ரேடியேட்டரும் சேர்ந்து ஒரு பெரிய ஹீட் சிங்க். பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு போலத்தான் சக்கரத்துக்குப் போகிறது. ஏறக்குறைய அதே அளவு சைலன்சர் வழியே போக, மீதியில் பெரும்பகுதியைக் கூலன்ட்தான் சுமந்து வந்து ரேடியேட்டரில் இறக்க வேண்டும். கேபினட்டில் தெர்மல் பேஸ்ட் செய்யும் வேலையை, அதாவது சூட்டைக் கைமாற்றுவதை, காரில் கூலன்ட் செய்கிறது. வெறும் உவமைக்காக இதைச் சொல்லவில்லை. 2004-ல் ஆப்பிள் நிறுவனம் பவர் மேக் ஜி5 கம்ப்யூட்டருக்குத் திரவக் குளிர்விப்பு வைத்தபோது, அதைச் செய்து கொடுத்தது டெல்பி என்னும் கார் உதிரிபாக நிறுவனம். இப்போது கேம் விளையாடுபவர்கள் வாங்கும் லிக்விட் கூலரிலும் பம்ப், குழாய், குட்டி ரேடியேட்டர் எல்லாம் உண்டு. வீட்டுக் கணக்கும் இன்டர்நெட்டும் பார்ப்பவர்களுக்கு அது தேவையே இல்லை.

மலை ஏற்றத்தில் மட்டும் ஏன் மாட்டிக்கொள்கிறது? இன்ஜின் முழு பலத்தோடு வேலை செய்கிறது, வண்டியோ ஊர்ந்து போகிறது. முன்னால் வந்து மோதும் காற்று இல்லாததால் எல்லாம் பேனின் தலையில். சமவெளியில் வெளியே தெரியாத எல்லாக் கோளாறும் ஏழாவது வளைவில் தெரிந்துவிடும்.

மெக்கானிக் சொன்னதில் எனக்கு உபயோகமாகத் தோன்றியவை இவை. தகடுகளைக் கழுவும்போது இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, மெல்லிய வேகத்தில் தண்ணீர் விட வேண்டும். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் பைப்பை நேராகக் காட்டினால் தகடு மடிந்து வழி அடைந்துவிடும். போர் தண்ணீர் ஊற்றவே கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படிகிறதே, அது ரேடியேட்டர் குழாயிலும் படியும். காய்ச்சி வடித்த நீரும் கூலன்டும் கலந்தது வேண்டும், அல்லது கலந்தே வரும் கேன் வாங்கலாம். பச்சை, சிவப்பு, ஆரஞ்சு என்று நிறத்தை நம்பி ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. காரோடு தந்த புத்தகத்தில் எந்த வகை என்று போட்டிருக்கும். கூலன்ட் விஷம், ஆனால் இனிக்கும். வடித்ததைத் திறந்த சட்டியில் வைத்தால் நாயோ பூனையோ குடித்துவிடும்.

ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள் பொடி போடும் வழக்கம் டிரைவர்களிடம் உண்டு. காட்டு வழியில் ஊர் போய்ச் சேர அது உதவலாம், அப்புறம் அதுவே குழாயை அடைக்கும். பக்கத்தில் ஒரு பழைய ஜீப்பின் பித்தளை ரேடியேட்டரைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, காற்று ஏற்றி, குமிழி வரும் இடத்தைச் சைக்கிள் டியூப் பஞ்சர் பார்ப்பது போலப் பார்த்துப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார்கள். என் காருடையது அலுமினியமும் பிளாஸ்டிக்கும். அதில் இந்த வேலை செல்லாது, விரிசல் விட்டால் மாற்றத்தான் வேண்டும். நல்ல வேளை, சுத்தம் செய்ததோடு தப்பித்தது.

தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடத்தில்தான் ஆச்சரியம். அதைக் காணவில்லை. எனக்கு முன் வைத்திருந்தவர் காலத்திலோ, வேறு எங்கோ, "இது இல்லாட்டி வண்டி சூடே ஆகாது" என்று யாரோ கழற்றிவிட்டிருக்கிறார்கள். தெர்மோஸ்டாட் என்பது 80, 90 டிகிரிக்கு இடையே திறக்கும் வால்வு. அதை எடுத்துவிட்டால் இன்ஜின் உரிய சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும். பல இன்ஜின்களில் அது இன்னொரு பக்க வழியை மூடும் வேலையும் செய்கிறது. அது இல்லாவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே இன்ஜினுக்குத் திரும்பிவிடும்.

கார் எனக்கு எழுதிய கடிதம்

இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. என் காரில் நான்கு மாதமாக மஞ்சள் நிறத்தில் செக் இன்ஜின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வண்டி ஓடுகிறதே என்று விட்டுவிட்டேன். மெக்கானிக் ஸ்கேனரைச் செருகியதும் வந்த கோடு பி0128. கூலன்ட் உரிய வெப்பத்துக்கு வரவில்லை, தெர்மோஸ்டாட்டைப் பார் என்று அர்த்தம். அதாவது காரின் கம்ப்யூட்டர் நான்கு மாதமாக எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. எர்ரர் மெசேஜைப் படிக்காமல் ஓகே பட்டனை அழுத்தாதீர்கள் என்று உங்களுக்கு எழுதுகிற ஆள் நான்!

இதைப் படிக்க மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும் என்றில்லை. இந்தியாவில் 2013 ஏப்ரலுக்குப் பின் வந்த பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். ஈ.எல்.எம்.327 என்ற சின்ன புளூடூத் கருவியை அதில் செருகி, போனிலோ லேப்டாப்பிலோ இணைக்கலாம். கேட்கும் பாஸ்வேர்டு பெரும்பாலும் 1234. டார்க் போன்ற ஒரு ஆப் போட்டுக்கொண்டால் கூலன்ட் வெப்பம் எண்ணாகவே தெரியும். விலை மலிவான போலிகளும் நிறைய, சில இணையவே இணையாது. வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள், செருகியபடியே விட்டால் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். ஓட்டுபவர் போனைப் பார்க்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும்.

ஆப் இல்லாமல் டெர்மினல் புரோகிராமில் 01 05 என்று நீங்களே டைப் செய்து என்டர் தட்டலாம். கார் 41 05 83 என்பது போலப் பதில் தரும். கடைசி எண்தான் வெப்பம். 83 டிகிரி என்று நினைத்துவிடாதீர்கள். அது பதினாறை அடிப்படையாகக் கொண்ட ஹெக்ஸாடெசிமல் எண். 8-ஐப் பதினாறால் பெருக்கி 3-ஐக் கூட்டினால் 131. அதில் 40-ஐக் கழிக்க வேண்டும். 91 டிகிரி. பூஜ்யத்துக்குக் கீழே உள்ள குளிரையும் ஒரே பைட்டில் சொல்ல முடிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்த 40.

ரேடியேட்டர் சுத்தம், புது ஹோஸ், புது மூடி, தெர்மோஸ்டாட், கூலன்ட் எல்லாம் போட்டு இரண்டு வாரம் கழித்து மறுபடி மலை ஏறினோம். மகன் மடியில் லேப்டாப். முந்தலில் 90. ஏழாவது வளைவில் 96, பன்னிரண்டில் 99 என்றான். ஏ.சி.யை நிறுத்தினேன். முன்னால் பேன் இரையும் சத்தம் கேட்டது. 97, 94 என்று கீழே வந்தது. முன்பு கார் நின்ற வளைவில் அதே பொட்டிபுரத்து ஜீப் எதிரே இறங்கி வந்தது. டிரைவர் ஹாரன் அடித்து, மூடியைத் திருகுவது போலக் கையைக் காட்டிச் சிரித்துக்கொண்டே போனார்.

அக்கா வீட்டில் கேபினட் இப்போது மேஜைக்கு மேலே, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி இருக்கிறது. பக்கத்தில் ஆணியில் ஒரு பெயின்ட் பிரஷ் தொங்குகிறது. பேக்கப் எடுத்தீர்களா என்று கேட்டேன். மச்சான் சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்துக் காட்டினார். அதில் மஞ்சள் நூல் கட்டியிருந்தது.